தலை நீளமா, உருண்டையா? சைக்கிள் ஹெல்மெட் வாங்குமுன் பார்க்க வேண்டியது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கிறீர்கள். காலையில் கடற்கரை நடைபாதையில் சைக்கிள் ஓட்டவும், பிறகு சாலையில் இறங்கவும் ஆசை. நாடாவால் அளந்தால் தலைச்சுற்று 57 சென்டிமீட்டர். பெட்டியில் 55 முதல் 59 வரை என்று போட்டிருந்ததால் இணையத்தில் மீடியம் ஹெல்மெட் ஒன்றை வாங்கினீர்கள். அது வந்து நான்கு நாளாகிறது. வீட்டுக்குள் போட்டுப் பார்த்ததில் கால் மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது, கழற்றினால் சிவப்புத் தடம் தெரிகிறது. ஆனால் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் விரல் நுழைகிறது, தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் ஆடுகிறது. லார்ஜ் வாங்கலாமா, விலை கூடிய பிராண்டுக்குப் போனால் தீருமா, எட்டு வயது மகளுக்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது பிராண்டைப் பற்றி. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, அளவு சரியாக இருந்தும் ஒரே நேரத்தில் இறுக்கமும் தொளதொளப்பும் ஏன் என்பதுதான்.

நான் டர்பனில் சைக்கிள் கடையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன். பழுது பார்ப்பது, சைக்கிளை ஆளுக்கேற்றபடி அமைத்துக் கொடுப்பது, ஹெல்மெட் போட்டுக் காட்டுவது இவைதான் என் தொழில். மருத்துவன் அல்ல, சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவனும் அல்ல. தலையில் அது எப்படி உட்கார வேண்டும் என்பதை என் கை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அடிபட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு, வெளியான தர விதிகளையும் ஆய்வுகளையும் படித்ததுதான் எனக்கு ஆதாரம்.

முதலில் நேரான பதில்: லார்ஜ் வாங்காதீர்கள். நெற்றி வலி தீரும், ஆனால் பக்கத்து இடைவெளி இன்னும் பெரிதாகும். உங்கள் தலை முன்பின்னாக நீண்டது. அந்த ஹெல்மெட் உருண்டைத் தலைக்காக வார்க்கப்பட்டது. நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தம், பக்கங்களில் வெற்றிடம் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் காரணம். உருண்டைத் தலைக்காரர் நீளமான ஹெல்மெட்டைப் போட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: நெற்றிப்பொட்டு இரண்டும் நெருக்கப்படும், நெற்றிக்கு முன்னால் காற்றோட்டமாக இடம் இருக்கும். நாடா இந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஒரே 57 சென்டிமீட்டருக்குள் இரண்டு வடிவமும் அடங்கும்.

வீட்டிலேயே இதைச் சரிபார்க்கலாம். பிடரியைச் சுவரில் ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியில் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்னொருவர் ஸ்கேலால் அளக்கட்டும், அது நீளம். பிறகு காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு புத்தகங்களை அணைத்துப் பிடித்து இடையிலுள்ள தூரத்தை எடுங்கள், அது அகலம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 75க்குக் கீழே வந்தால் நீளத் தலை, 80க்கு மேலே என்றால் உருண்டைத் தலை, இடையில் இருந்தால் பெரும்பாலான ஹெல்மெட்டுகள் சண்டை போடாமல் உட்காரும். நீளம் 20, அகலம் 14.8 என்றால் 74 வரும். உங்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான் வரும் என்பது என் ஊகம். தலையை அளந்து மனிதரை வகை பிரித்த பழைய கூத்துக்கும் இந்தக் கணக்குத்தான் பயன்பட்டது. மனிதரைத் தரம் பிரித்தே ஆட்சி நடத்திய இந்த நாட்டில் அதைச் சொல்லும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. நமக்கு அது தொப்பி தேடுவதற்கு மட்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சில நிறுவனங்கள் 'ஆசியன் ஃபிட்' என்று தனி வரிசை விற்கின்றன. நாமும் ஆசியர்தானே என்று நம்மவர்கள் அதைத் தேடி எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் கிழக்காசியத் தலைகளை மனத்தில் வைத்து, பக்கவாட்டில் அகலமாகவும் உருண்டையாகவும் செய்யப்படுவது. என் அனுபவத்தில் நம் ஆட்களில் பலருக்கு அது இன்னும் தொளதொளவென்றே இருக்கிறது. சிலருக்குக் கச்சிதமாகப் பொருந்தியதும் உண்டு. எனவே பெட்டிமேல் உள்ள பெயரைப் பார்த்து எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்; தலையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடையில் எப்படிப் போட்டுப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். வருகிறவர் ஹெல்மெட்டை எடுத்ததும் பின்னால் இருக்கும் திருகைக் கரகரவென்று இறுக்கிவிடுவார். நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று மகிழ்ச்சி. அந்தத் திருகு பல மாடல்களில் பிடரிப் பட்டையை முன்னோக்கி இழுத்து, தலையை நெற்றிப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். சில மாடல்களில் தலையைச் சுற்றி முழு வளையம் இருக்கும். அது தலையைப் பிடிக்கும், ஆனால் வளையத்துக்கும் வெளியே உள்ள நுரைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் அப்படியே இருக்கும். திருகு வடிவத்தைச் சரி செய்யாது, பொருந்தாமையை மறைக்கும். ஆகவே திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு, வார்களைக் கட்டாமல், ஹெல்மெட்டைத் தலையில் மட்டமாக வையுங்கள். முன் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே உள்ள பஞ்சு தலையைச் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லத் தொடுகிறதா, ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் குத்துகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கவனியுங்கள். பிறகு திருகை மெதுவாகத் திருப்புங்கள். சிறிது திருப்பியதுமே பிடித்துக்கொண்டால் நல்லது. கடைசிவரை திருப்பித்தான் நிற்கிறது என்றால் அது உங்களுக்கானதல்ல.

இப்போது இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். தோல் அப்படியே இருக்க ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பொருத்தமில்லை. வாரைக் கட்டாமலேயே குனியுங்கள். பிடரிப் பட்டை அதை விழாமல் தாங்க வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில மாடல்களில் கண்ணாடியின் கம்பியும் பக்கப் பட்டையும் மோதிக்கொள்ளும். குறைந்தது பத்து நிமிடம் போட்டுக்கொண்டே கடையில் உலாத்துங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

வார் கட்டுவது அடுத்தது. காதுக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு வார்களும் காது மடலுக்குச் சற்றுக் கீழே, ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சேர வேண்டும். அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், நகர்த்திப் பூட்டலாம். பலர் வாழ்நாள் முழுக்க அதைத் தொடுவதே இல்லை. ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி தெரிந்தால் முன் வாரைக் குறையுங்கள். முன்னால் சரிந்து கண்ணை மறைத்தால் பின் வாரை இறுக்குங்கள். தாடைக்குக் கீழே ஒன்றிரண்டு விரல் நுழையும் அளவு இடம் போதும். பிறகு பெரிதாகக் கொட்டாவி விடுங்கள். வாய் திறக்கும்போது உச்சியில் ஹெல்மெட் கீழே இழுபடுவதை உணர வேண்டும். உணரவில்லை என்றால் வார் தளர்ச்சி. கடைசியாக, உள்ளங்கையால் முன் விளிம்பைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். அதேபோல் பின்னாலிருந்தும் தள்ளுங்கள். உருண்டு கழன்று வருகிற ஹெல்மெட், விழும்போது உங்களுக்கு முன்னால் தரையைச் சேர்ந்துவிடும்.

இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? உள்ளே இருப்பது தெர்மாகோல். டிவி பெட்டியில் வருவதைவிட அடர்த்தியானது, ஆனால் அதே குடும்பம். தலை தரையில் மோதும்போது அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுரை நசுங்கி, தலை நிற்பதற்குக் கூடுதலாகச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி கொடுக்கிறது. அதுதான் அதன் முழு வேலை. தலைக்கும் நுரைக்கும் இடையே விரலளவு வெற்றிடம் இருந்தாலோ, ஹெல்மெட் பின்னால் போய் நெற்றி வெளியே தெரிந்தாலோ, நசுங்க வேண்டிய நுரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நசுங்கிய நுரை மறுபடி அந்த வேலையைச் செய்யாது என்பதும் உறுதி. ஓரளவு மீண்டு எழுந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதனால்தான் பழைய சந்தையில் வாங்கும் ஹெல்மெட்டை நம்ப முடியாது. தலை ஒருமுறை பலமாக மோதியதா, ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

உறுதியான இன்னொன்று தர முத்திரை. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஐரோப்பிய தர விதியான ஈஎன் 1078, அல்லது அமெரிக்க அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு அமைப்பான சிபிஎஸ்சி, இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஐரோப்பியச் சோதனையில் தட்டையான இரும்பின்மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமெரிக்கச் சோதனையில் விநாடிக்கு 6.2 மீட்டர், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். இவ்வளவுதானா என்று தோன்றும். சைக்கிள் எந்த வேகத்தில் போனாலும் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் பெரும்பாலும் நீங்கள் உட்கார்ந்திருந்த உயரத்தைப் பொறுத்தது. அதைக் கணக்கில் வைத்தே இந்த எண்கள். மினிபஸ் டாக்சி வந்து மோதினால் கதை வேறு. அதற்காக இவை சோதிக்கப்படவில்லை. இருந்தாலும் பயன் சிறிதல்ல. காயமடைந்த 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைந்திருந்தது.

விலைக்கு வருகிறேன். கடையில் உள்ள மலிவானதும் விலை உயர்ந்ததும் அந்த முத்திரையைப் பெற ஒரே குறைந்தபட்சச் சோதனையைத்தான் தாண்டியிருக்கின்றன. கூடுதல் பணத்துக்கு நீங்கள் வாங்குவது பெரும்பாலும் எடைக் குறைவு, காற்றோட்டம், நுணுக்கமான திருகு. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் காற்றோட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பதை மறுக்க மாட்டேன். அக்டோபரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து இங்கே வரும் அமாஷோவா சைக்கிள் பந்தயத்தில் ஓட்ட நினைத்தால், அந்த மாதத்தில் உள்நாட்டிலிருந்து வீசும் வெப்பக்காற்றில் அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் பொருந்தாத விலை உயர்ந்த ஹெல்மெட்டைவிடப் பொருந்துகிற மலிவான ஹெல்மெட் மேல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. உள்ளே மஞ்சள் நிற மெல்லிய தகடு கொண்ட மிப்ஸ் ஹெல்மெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சுவீடனில் ஒரு நரம்பு அறுவை மருத்துவரும் ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. சாய்வாக மோதும்போது தலை திடீரென்று சுழல்வதும் மூளைக்குக் கேடு. அந்தத் தகடு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்கி அந்தச் சுழற்சியைக் குறைக்கிறது. இந்த விளக்கம் சரியானது, ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் பல மாடல்களில் பலன் தெரிகிறது. ஆனால் உண்மையான தலையில் முடியும் வியர்வையும் உச்சந்தலைத் தோலும் ஏற்கெனவே வழுக்குகின்றன; அதற்கு மேல் தகடு எவ்வளவு சேர்க்கிறது என்பதில் நிபுணர்களிடையே வாதம் நடக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. அதில் மலிவானவையும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கின்றன. பணம் இடித்தால் அந்தப் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தகடு உள்ளிடத்தைக் கொஞ்சம் குறைக்கும், ஆகவே தகடுள்ள மாடலைத் தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் இந்த வகைதான். விற்கிறவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பார்கள். மேலே சொன்ன சிபிஎஸ்சி ஐந்து முதல் பத்து ஆண்டு என்கிறது. பழைய ஹெல்மெட்டுகளைச் சேகரித்துச் சோதித்த ஆய்வில், மோதாத நுரை வயதால் பெரிதாகக் கெட்டுவிடவில்லை. என் மேசைக்கு வரும் பழைய ஹெல்மெட்டுகளில் முதலில் சாவது வார்களும் கொக்கியும் பிடரிப் பட்டையும்தான். ஆகவே நான் காலண்டரைப் பார்ப்பதில்லை, கொக்கியைப் பார்க்கிறேன்.

நம் வீட்டுப் பழக்கங்களும் இதில் புகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போட்டால் பஞ்சு வழுக்கும், நாறும். பஞ்சைக் கழற்றி மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைப் பெட்ரோல், தின்னர் கொண்டு துடைக்க வேண்டாம். கொசு விரட்டித் தைலமும் சில பிளாஸ்டிக்கை அரிக்கும். பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவைத்தால் ஓடு கொப்புளித்து நுரையிலிருந்து பிரியும். அப்படி ஆனதைத் தூக்கி எறியுங்கள். காவடிக்கோ வேண்டுதலுக்கோ மொட்டை போட்டால் தலைச்சுற்று குறையும். அன்றே திருகையும் வாரையும் புதிதாகச் சரி செய்யுங்கள், முடி வளரும்போது மறுபடியும்.

மகளுக்கு. அடுத்த வருடமும் ஆகட்டும் என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாக எடுப்போம். ஹெல்மெட்டில் அது கூடாது. இன்றைய தலைக்கு இன்றைய அளவு. அவளையும் கடைக்குக் கூட்டிப் போங்கள், நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும், இல்லாவிட்டால் தெருமுனை தாண்டியதும் கழற்றிவிடுவாள். இரட்டைச் சடையைப் பிடரிப் பட்டைக்குக் கீழே தாழ்த்திப் பின்னுங்கள். உச்சிக் கொண்டை வேண்டாம். வெள்ளிக்கிழமை வைக்கிற பூச்சரம் பின்னால் ஒரு மேடாகி ஹெல்மெட்டை முன்னே தள்ளும். ஓட்டிவிட்டு வந்து வைத்துக்கொள்ளட்டும். கெட்டியான கிளிப், உலோக ஊசி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. முக்கியமானது இது: பூங்காவில் சைக்கிளைவிட்டு இறங்கி ஏணியிலோ மரத்திலோ ஏறப்போகிறாள் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஹெல்மெட் இடுக்கில் மாட்டி, வார் கழுத்தை நெரித்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதற்காகவே, இழுத்தால் தானாக விடுபடும் கொக்கியோடு ஈஎன் 1080 என்று சிறு குழந்தைகளுக்குத் தனி ஐரோப்பிய விதி இருக்கிறது. ஆனால் சாலையில் ஓட்டும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வழக்கமான கொக்கியே சரி.

இந்த நாட்டில் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட வேண்டும் என்பது சட்டம். அது சரியாகப் பொருந்த வேண்டும், வார் தாடைக்குக் கீழே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. கட்டட வேலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர்களை இங்கே நீங்கள் பார்க்கக்கூடும். அது மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்தது. சைக்கிளிலிருந்து விழும்போது முதலில் பறப்பது அதுதான்.

கடைசியாக, கையில் இருக்கும் ஹெல்மெட்டை என்ன செய்வது? இணையத்தில் வாங்கியதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, இப்படி வாங்கிய பொருளைக் கைக்கு வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. நான்கு நாள் போய்விட்டது. உள்ளே ஒட்டிய சீட்டுகளைக் கிழிக்காமல், பஞ்சில் எண்ணெய்க் கறை படியாமல், பழைய பெட்டியிலேயே வைத்து நாளைக்கே எழுதிப் போட்டுவிடுங்கள். பணம் வந்ததும் ஒரு சனிக்கிழமை மகளோடு கடைக்குப் போய், இந்த முறை மீடியத்திலேயே நீளமான உள்வடிவம் கொண்ட மாடல்கள் எவை என்று கேட்டு, மூன்று நான்கையாவது தலையில் வைத்துப் பாருங்கள்.